பதின்மூன்றாம் சீட்டு

குறி கூறுவோர் கையில் அச்சந்தரும் டாரட் மரணச் சீட்டு, 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்கென எழுந்ததாகும். மிலான் பிரபுக்களுக்காகத் தீட்டப்பெற்ற தொகுதியில் மரணம் வில்லேந்திய எலும்புக்கூடாக நிற்கின்றது. பின்வந்த மார்செய் மரபில் அது நீளரிவாள் வீசுகின்றது. நிலத்திற் கிடக்கும் தலைகளுள் ஒன்று முடி சூடியது.

ஆட்டத்திலே பேரெண் சிற்றெண்ணை வெல்லும். ஆதலின் 4ஆம் சீட்டாகிய பேரரசனும் 5ஆம் சீட்டாகிய பாப்பரசரும் 13ஆம் சீட்டாகிய மரணத்துக்குத் தோற்பர். ஆயினும் இறந்தோரை எழுப்பும் 20ஆம் சீட்டாகிய தீர்ப்பு, மரணத்தையும் வெல்லும்.

1781இல் பாரிசில் கூர் த ஜெபலின் இச்சீட்டுக்களை எகிப்திய ஞானமென்றார்; அதற்குச் சான்றில்லை. எனினும் அதன் பின்னரே குறிபார்த்தல் பெரிதும் பரவிற்று. 1909இல் இலண்டனில் பமேலா கோல்மன் சிமித் வரைந்த மரணம் வெண்குதிரை ஏறி வருகின்றது. தொலைவில் இரு கோபுரங்களிடையே கதிரவன் ஒளிர்கின்றது. முடிவன்று, மாற்றமே என்பர் குறி கூறுவோர். மரணத்துக்கு அப்பாலும் ஒன்றுண்டு என்பதைப் பழைய ஆட்ட விதி முன்னரே உணர்த்திற்று.