புலிவார்டு ரோடும் வீட்டு வரியும்

திருச்சிராப்பள்ளியில் மேலப்புலிவார்டு ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. கீழப்புலிவார்டு ரோடு என்று இன்னொன்றும் இருக்கிறது. வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுக் கொஞ்சம் திகைப்பார்கள். முற்காலத்தில் இங்கே புலி நடமாட்டம் இருந்ததோ, பிடித்த புலிகளை அடைத்து வைக்க வார்டு ஏதாவது கட்டியிருந்தார்களோ என்றுகூட யோசிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது. மழை நாளில் குழியில் கால் வைக்காமல் அந்தச் சாலையைக் கடந்துவிட்டால் போதும் என்பது அவர்கள் கவலை.

புலிக்கும் இந்தச் சாலைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 'பூலவார்' என்ற பிரெஞ்சுச் சொல் இங்கிலீஷ்காரர்களின் வாயில் 'பூலவார்டு' ஆகி, நம்மவர்களின் வாயில் புலியாகப் பாய்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பூர்வ கதை சுவாரசியமானது. முதலில் அதற்குக் கோட்டைக் கொத்தளம் என்றே அர்த்தம். 17-ம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னன் பாரிஸ் நகரத்தின் பழைய மதில்களை இடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் மரங்கள் வைத்த அகலமான சாலைகளைப் போடச் செய்தான். மதில் போயிற்று, மதிலின் பெயர் மட்டும் சாலைக்கு ஒட்டிக்கொண்டது.

திருச்சியிலும் ஏறக்குறைய இதே சங்கதிதான் நடந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டை மதில்கள் மலையைச் சூழ்ந்து நின்றன. மதிலுக்கு வெளியே அகழி இருந்தது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் முற்றுகை போட்டதெல்லாம் இந்த மதில்களைத்தான். 19-ம் நூற்றாண்டில் இனி முற்றுகை போட யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் மதிலை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள், அந்த இடத்தில் சாலை போட்டார்கள். மிச்சமாக நிற்பது மெயின்கார்டு கேட் ஒன்றுதான். ஆகவே, தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, பெயர் வைத்த மகானுபாவர் சரியான பெயரைத்தான் வைத்திருக்கிறார்.

மதிலை இடிக்கிறவரையில் சிக்கல் ஒன்றும் இல்லை. மதில் ராஜாங்கத்தைச் சேர்ந்தது. அதன் செலவும் ராஜாங்கத்தைச் சேர்ந்தது. தெரு என்று வந்த பிறகுதான் தகராறு ஆரம்பமாகிறது. இந்தத் தெருவுக்குச் சரளைக்கல் யார் போடுவது? விளக்கு யார் ஏற்றுவது? சாக்கடையை யார் தோண்டுவது? இவற்றுக்கெல்லாம் யார் பணம் கொடுப்பது? சென்ற 150 வருஷங்களுக்கு மேலாக இந்த ஜில்லாவில் நடந்து வரும் விவாதம் இதுதான். இன்னும் முடியவில்லை. முடியாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், அந்தக் காலத்தில் தெரு யாருடையதாக இருந்தது என்று பார்க்கலாம். ஒரே ஜில்லாவில் மூன்று விதமான தெருக்கள் இருந்தன.

ஸ்ரீரங்கத்தில் தெருவெல்லாம் பெருமாளுடையது. உத்திர வீதியும் சித்திரை வீதியும் கோயிலின் மதில்களுக்கு உள்ளேயே அமைந்தவை. ரங்கநாதர் புறப்பாடு கண்டருளவும் தேர் ஓடவும் ஏற்பட்ட வீதிகள் அவை. குடியிருக்கிறவர்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டால் அவர்கள் கடமை தீர்ந்தது.

திருச்சிக் கோட்டைக்குள் தெரு சர்க்காருடையது. நவாபு ஆண்டால் நவாபினுடையது. கும்பெனி ஆண்டால் கும்பெனியுடையது. பட்டாளம் நடக்கவும் பீரங்கி வண்டி உருளவும் வசதியாக இருந்தால் போதும்.

வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, பச்சைமலைப் பக்கம் துறையூர் இருக்கிறது. அது ரெட்டியார் ஜமீனின் தலைநகர். ஜமீன் ஊர்களில் தெருவும் குளமும் சத்திரமும் ஜமீன்தாரின் தர்மம். தர்மசிந்தை உள்ள ஜமீன்தார் வாய்த்தால் ஊர் பிழைக்கும். இல்லாவிட்டால் அவர் சவாரி போகிற தெரு மட்டும் பிழைக்கும்.

சாமி, சர்க்கார், ஜமீன் ஆகிய இந்த மூவரும் தெருவுக்காக ஜனங்களிடம் தனியாகப் பில் நீட்டவில்லை. அதனால் ஜனங்களும் கணக்குக் கேட்கவில்லை. தெரு நன்றாக இருந்தால் கும்பிட்டார்கள், கெட்டிருந்தால் முணுமுணுத்தார்கள்.

நம்முடைய நாட்டில் எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர் வேலைகளுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்த விதிகள் அவற்றில் இருக்கின்றன. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன்தான் நிற்கலாம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது! எல்லோருக்கும் இடம் தராத சபைதான் அது. ஆனாலும் பணம் கொடுப்பது, கணக்குக் கேட்பது என்ற இரண்டையும் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் பணம் கொடுப்பது மட்டும் ஞாபகம் இருந்தது. மற்றது மறந்து போயிற்று.

இங்கிலீஷ்காரர்கள் வந்து 1850-ல் ஒரு சட்டம் செய்தார்கள். எந்த ஊர் ஜனங்களாவது 'எங்கள் ஊரைச் சீர்திருத்த எங்களுக்கு வரி போடுங்கள்' என்று தாங்களே மனுச் செய்துகொண்டால், சர்க்கார் கிருபை கூர்ந்து வரி போடும். என்ன அழகான சட்டம் பாருங்கள்! 'என்னை அடியுங்கள்' என்று மனுப் போடுகிறவன் உலகத்தில் உண்டா? சென்னை ராஜதானியில் இந்தச் சட்டத்தைச் சீந்துவாரில்லை.

பிறகு 1857-ம் ஆண்டின் பெருங் கலகம் வந்தது. அதை அடக்கிய செலவில் சர்க்கார் கஜானா வற்றிப் போயிற்று. 1863-ல் வெளிவந்த ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை வேறொரு விஷயத்தைச் சொல்லிற்று. இந்தியாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கிக் குண்டினால் சாவதைவிட வியாதியினால் சாவதே மிக அதிகம் என்றது. ஆகவே பட்டாளம் இருக்கும் ஊர்கள் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் சுத்தம் செய்யச் சர்க்காரிடம் பணம் இல்லை. 1865-ம் ஆண்டின் ஊர் அபிவிருத்திச் சட்டம் இப்படித்தான் பிறந்தது. இந்தத் தடவை ஜனங்களின் மனுவுக்காகக் காத்திருக்கவில்லை.

1866-ம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ந் தேதி திருச்சிராப்பள்ளி முனிசிபாலிடி ஆரம்பமாயிற்று. அதில் பதவி காரணமாக அமர்ந்த உத்தியோகஸ்தர்கள் இரண்டு பேர். சர்க்கார் நியமித்த அங்கத்தினர்கள் ஒன்பது பேர். ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்கு வரி, தொழிலுக்கு வரி, வண்டிக்கு வரி, ஊருக்குள் நுழைந்தால் சுங்கம். சட்டத்தின் பெயரோ ஊர் அபிவிருத்தி. ஆனால் வசூலான பணத்திலிருந்து ஊரின் போலீஸ் செலவில் பெரும் பகுதியைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஷரத்து. விளக்குக்கென்று வரி கொடுத்தவன் வாசலில் வெளிச்சத்துக்கு முன்னால் போலீஸ்காரர் வந்து நின்றார்! 1871-ல் வந்த புதிய சட்டம் போலீஸ் பாரத்தை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம், அம்மை குத்துதல் முதலிய வேறு பாரங்களை ஏற்றி வைத்தது. அதே வருஷத்தில் ஸ்ரீரங்கமும் தனி முனிசிபாலிடியாயிற்று. பெருமாள் வீதிக்கும் பில் வந்து சேர்ந்தது.

கேட்காமல் போட்ட வரியை ஜனங்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது சர்க்காருக்குத் தெரியாததல்ல. 1810-ல் காசியில் வீட்டு வரி விதித்தபோது, கடைகளை மூடிவிட்டு ஆயிரக்கணக்கான ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். ஊருக்கு வெளியே மைதானத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வீடு இருந்தால்தானே வரி? கையில் கம்பு எடுக்காமல் அவர்கள் நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக 1811-ல் சர்க்கார் அந்த வரியை வாபஸ் வாங்கிற்று. காசிவாசிகள் பணம் கொடுக்க முடியாத ஏழைகள் அல்ல. தர்மசாலைக்கும் படித்துறைக்கும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். தங்களைக் கேட்காமல் கை நீட்டியதைத்தான் அவர்கள் பொறுக்கவில்லை.

திருச்சியில் 1877-ல் நகரசபைக்குத் தேர்தல் வந்தது. 1882-ம் ஆண்டு மே 18-ந் தேதி ரிப்பன் பிரபு தம்முடைய பிரசித்தமான தீர்மானத்தை வெளியிட்டார். ஸ்தல ஸ்தாபனங்களால் நிர்வாகம் உடனே செம்மைப்படும் என்று அவர் முக்கியமாக எதிர்பார்க்கவில்லை. ஜனங்களுக்கு அது ஓர் அரசியல் பள்ளிக்கூடமாக இருக்கும் என்றே கருதினார். 1889-ல் திருச்சி நகரசபை தன் தலைவரைத் தேர்தல் மூலம் அடைந்தது. 'போட்ட பணம் எங்கே?' என்று எழுந்து கேட்க, 23 வருஷத்துக்குப் பிறகு ஒரு முழு மன்றம் உண்டாயிற்று.

ரிப்பன் பிரபுவின் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவர்களின் ஜாபிதாவைப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும். ராஜாஜி 1917 முதல் 1919 வரையில் சேலம் நகரசபைத் தலைவர். ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோட்டில் பெரியார் ஈ.வெ.ரா. நகரசபைத் தலைவர். 1924-ல் வல்லபாய் படேல் ஆமதாபாத்திலும், ஜவாஹர்லால் நேரு அலகாபாத்திலும், ராஜேந்திர பிரசாத் பாட்னாவிலும் நகரசபையின் தலைமை நாற்காலியில் இருந்தார்கள். சாம்ராஜ்யத்தோடு வாதாடிய இவர்கள் சாக்கடையையும் குழாயையும் பற்றியும் வாதாடிப் பழகியவர்கள்.

கணக்குக் கேட்பதால் வேலை கெட்டுப் போகிறது, பேசாமல் ஒரு கெட்டிக்காரரிடம் ஊரை ஒப்படைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. பாரிஸ் நகரம் அந்தப் பரீட்சையையும் செய்து பார்த்துவிட்டது. 1853-ல் ஹாஸ்மன் என்பவர் அங்கே நகராதிகாரியானார். மகா கெட்டிக்காரர். சந்து பொந்துகளை இடித்துத் தள்ளி, இன்று உலகமே போய்ப் பார்க்கிற பூலவார்களைப் போட்டார். ஆனால் சட்டசபையைக் கேட்காமல் குறுக்கு வழியில் கடன் மேல் கடன் வாங்கினார். 1868-ல் ழூல் ஃபெர்ரி என்ற பத்திரிகையாளர் அந்தக் கணக்குகளைச் சந்தி சிரிக்க வைத்தார். 1870 ஜனவரியில் ஹாஸ்மனின் வேலை போயிற்று. சாலைகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் கடனைப் பாரிஸ்வாசிகள் பல பத்தாண்டுகள் கட்டினார்கள்; இடித்த சந்துகளில் இருந்த ஏழைகள் நகரத்தின் ஓரத்துக்குப் போனார்கள்.

ஏழைகள் என்றதும் நம்முடைய கதையிலும் ஒரு கறை இருப்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த நாளைய நகரசபைகளுக்கு வரி செலுத்துகிறவர்களுக்கே வோட்டு. வோட்டு உள்ள தெருவில் விளக்கு எரிவது இயற்கை. வரி கொடுக்க வகையில்லாத குப்பத்துக்கும் சேரிக்கும் வோட்டும் இல்லை, விளக்கும் இல்லை. அவர்கள் தலையிலும் வேறு விதத்தில் வரி விழுந்துகொண்டுதான் இருந்தது. சுங்கம் கொடுத்து உள்ளே வந்த விறகையும் தானியத்தையும் அவர்களுந்தானே வாங்கினார்கள்? சென்னை ராஜதானியில் சாலைச் சுங்கம் 1931-ல்தான் ஒழிந்தது. வயது வந்த எல்லோருக்கும் வோட்டு என்பது சுதந்திரத்தோடு வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. பிற்பாடு துறையூரும் ஒரு நகராட்சியாகி, ஜமீன்தாரின் தர்மமாக இருந்த தெரு வரி செலுத்துகிறவரின் தெருவாயிற்று. ஸ்ரீரங்கம் நகராட்சியும் பொன்மலை நகராட்சியும் 1994-ல் திருச்சியோடு சேர்ந்து மாநகராட்சி ஆயின.

இத்தனை தூரம் வந்த பிறகு, கணக்குக் கேட்கிற பழக்கம் நமக்கு ஊறிப் போயிருக்க வேண்டும் அல்லவா? 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகரங்களில் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். 1866-ம் வருஷத்துக்கே திரும்பிப் போன மாதிரிதான். அந்த இடைக்காலத்தில், 2018-ல் சொத்து வரியை உயர்த்தினார்கள். 2019-ல் அதை நிறுத்தி வைத்தார்கள். மன்றம் கூடிய இரண்டு மாதத்துக்குள், 2022 ஏப்ரலில் புது உயர்வு வந்தது. திருச்சி போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவிகிதம். 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவிகிதம். சிறு வீட்டுக்குக் குறைத்தும் பெரிய வீட்டுக்குக் கூட்டியும் போட்டது நியாயந்தான். ஆனால் இவ்வளவு பணமும் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 'வரி ஏறிவிட்டது' என்று திண்ணையில் சொன்னவர்களின் எண்ணிக்கைக்கும், வார்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்டவர்களின் எண்ணிக்கைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

கேட்பதற்கு இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கிராமங்களில் கிராமசபை இருப்பதுபோல் நகரங்களிலும் பகுதி சபைகள் ஏற்பட்டு, 2022 நவம்பர் 1-ந் தேதி முதன்முதலாகக் கூடின. தேதியைக் கவனித்தீர்களா? 156 வருஷங்களுக்கு முன்னால், திருச்சி ஜனங்களில் ஒருவரையும் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் முனிசிபாலிடி ஆரம்பமான அதே தேதி!

விவாதம் முடியாமல் இருப்பதே நல்லது என்று முன்பு சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். தெருவைப் பற்றிய சண்டை ஒரு நாள் அடியோடு ஓய்ந்துவிட்டால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். எல்லாத் தெருவும் சொர்க்க வீதி ஆகிவிட்டன என்பது ஒன்று. தெரு மறுபடியும் வேறு யாருக்கோ சொந்தமாகிவிட்டது என்பது மற்றொன்று. முதலாவது நடக்கும் என்று நம்பும் அளவுக்கு நான் பெரிய ஆஸ்திகன் அல்ல.

ஆகையால், வாசலில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மாதக் கணக்கில் திறந்து கிடந்தால், விதியை நொந்துகொண்டு தாண்டிப் போக வேண்டாம். வரி ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பகுதி சபைக்குப் போங்கள். ரசீது எடுக்க வகையில்லாத தெருக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவருடைய தெருவுக்கும் சேர்த்துக் கணக்குக் கேளுங்கள்.