பிளந்த நகம்
பிரிட்டிஷ் படையின் பழைய செஞ்சீருடையை நினைவூட்டியதால் ஒரு வண்டுக்குச் சிப்பாய் வண்டு என்று பெயர். ஐரோப்பியக் கோடையில் வெள்ளைப் பூங்கொத்துகளில் மொய்க்கும் இந்தச் செம்மஞ்சள் வண்டின் அறிவியல் பெயர் 'ரகோனிக்கா ஃபுல்வா'.

'ஃபுல்வா' லத்தீன், பழுப்பேறிய மஞ்சள். இட்ரியா பாதரசச் சுரங்கத்தில் மருத்துவராக இருந்த ஸ்கோப்போலி, கார்னியோலாப் பகுதியின் பூச்சிகளைப் பற்றிய தம் நூலில் 1763இல் சூட்டியது. அவர் கண்ணில் பட்டது நிறம்.

எனக்குப் பிடித்தது முன்பாதி. பின்னாளில் விலங்கியலாளர் எஷ்ஷோல்ட்ஸ் தந்த பேரினப் பெயர் அது. கிரேக்கத்தில் 'ரகாஸ்' என்றால் வெடிப்பு. தோல் வெடிப்புக்கும் அதே சொல்தான். 'ஓனிக்ஸ்' நகம். லென்ஸ் வைத்துக் காலைப் பாருங்கள்: மெல்லிய நகங்கள் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். மேல்சிறகின் கடைசியில் மட்டும் மை தொட்டு வைத்தாற்போல் கறுப்பு. இந்தப் பெயரில் அதற்கு இடமில்லை.