பட்டாசு வேலையும் வேலை மாற்றமும்: தாயில்பட்டி வட்டார வரலாறு

தாயில்பட்டி, விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டைப் பகுதியில் உள்ள ஊராட்சி ஆகும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரவியுள்ள பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. இங்குப் பட்டாசு ஆலையைப் 'பட்டாசு ஆபீஸ்' என்றும், தீப்பெட்டி ஆலையைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றும் மக்கள் அழைக்கின்றனர். ஆபத்தானது என்று தெரிந்தும், மனத்துக்குப் பிடிக்காமலும் இவ்வேலையில் பலர் ஏன் நீடிக்கின்றனர், வெளியேறுவதற்கு எவை உதவின என்பவை இவ்வட்டார வரலாற்றின் முக்கியமான பகுதியாகும்.

தொழிலின் தொடக்கம்

இது மழை குறைந்த கரிசல் பூமி. பருத்தி, கம்பு, சோளம் ஆகியவை வானம் பார்த்து விளைந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புக்கு வேறு வழி தேவைப்பட்டது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் 1922-23 காலப்பகுதியில் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினர். அதன்பின் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிம முறையை வகுத்தன. இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்தும் குறைந்தது. இக்காலத்தில் பட்டாசுத் தொழில் வளரத் தொடங்கியது. தீப்பெட்டி, பட்டாசுகளுக்கு லேபிள் அச்சிடும் தேவையிலிருந்து அச்சுத் தொழிலும் பெருகியது.

இவ்வட்டாரத்தின் பெரிய தொழில் மாற்றம் கற்றலில் இருந்தே தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. தொழிலைக் கற்ற பிறகே இருவரும் ஆலை அமைத்தனர்.

தொழிலாளரைப் பிணைத்தவை

ஆலைகளில் பல வேலைகளுக்குச் செய்யும் அளவைப் பொறுத்தே கூலி கணக்கிடப்படுகிறது. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய வருமானம் இல்லை. வேறு தொழில் கற்கச் சில மாதம் ஒதுக்குவது, குடும்பத்தைப் பொறுத்தவரை அத்தனை மாத வருமானத்தையும் இழப்பதாகும்.

இரண்டாவது காரணம் முன்பணம். திருமணம், மருத்துவம், கோயில் கொடை ஆகிய செலவுகளுக்கு ஆலையில் வாங்கிய பணத்தை வேலை செய்து கழிப்பது வழக்கம். பிடிக்காத இடத்தை விட்டு விலக நினைப்பவர் முதலில் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியிருந்தது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறிடத்தில் வேலைக்குச் செல்லவிடாமல் தடுப்பதை, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது.

விபத்துகளும் பலரை நிரந்தரமாக வெளியேறச் செய்யவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஆலைகள் சில நாள் மூடப்படுவதும், திறந்ததும் மக்கள் திரும்பிச் செல்வதும் வழக்கமாயின. இதைத் துணிச்சல் என்றோ அறியாமை என்றோ சொல்வது பொருந்தாது. அடுத்த வாரக் கூலிக்கு வேறு இடம் இல்லை என்பதே காரணம்.

மாற்று வருமானம் பற்றிய தீர்ப்பு

குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1986இல் வந்தது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிவகாசி வட்டாரமும் சேர்க்கப்பட்டது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வழங்கியது. பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளித்தவர் 20,000 ரூபாய் நிதியத்தில் செலுத்த வேண்டும். குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும். இயலாவிட்டால் 5,000 ரூபாயை அந்நிதியத்தில் சேர்க்க வேண்டும் என்று அது கூறியது.

ஒருவரை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டுமானால் அந்த வருமானத்துக்கு மாற்று வேண்டும் என்பதை இத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இக்கருத்து பெரியவர்களுக்கும் பொருந்தும்.

2018 கதவடைப்பு

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிகளுக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டுச் சில மாதங்கள் திறக்கப்படவில்லை. வேலையைத் தாமே விட விரும்பியவரும், விட விரும்பாதவரும் ஒரே நாளில் வேலையிழந்தனர். ஒரே தொழிலை நம்பிய ஊர்களில் கைவசம் இரண்டாவது தொழில் இல்லாததன் விளைவு அப்போது தெரிந்தது.

வெளியேறும் வழிகள்

சிவகாசியின் அச்சகங்கள், இராஜபாளையத்தின் நூற்பாலைகள், திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்கள் ஆகியவை இவ்வட்டாரத்தாருக்கு மாற்று வேலையிடங்களாக உள்ளன. வேலையை விடுவோருக்குச் சட்டம் சில பாதுகாப்புகளையும் தந்தது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டு தொடர்ந்து பணிபுரிந்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை உண்டு என்றது. ஆனால் இவற்றைப் பெறப் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். உள்குத்தகைக் கொட்டகைகளிலும் வீடுகளிலும் சட்டத்துக்குப் புறம்பாகப் பட்டாசு செய்வோருக்கு இத்தகைய பதிவே இருப்பதில்லை. அதனால் பல ஆண்டு உழைத்தும் அவர்கள் வெறுங்கையுடன் வெளியேற நேர்கிறது.

மற்றொரு வழி பள்ளிக்கூடம். விருதுநகர் மாவட்டம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்னணியில் இருந்தது. தம்மால் விட முடியாத வேலைக்குத் தம் பிள்ளைகள் வரக் கூடாது என்று கருதிய பெற்றோர், அந்த வேலையின் கூலியைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். இவ்வட்டாரத்தில் பல குடும்பங்களின் வேலை மாற்றம் இவ்வாறு ஒரு தலைமுறைக் காலம் எடுத்து நிகழ்ந்தது.