கொதிகலனுக்கு உரிமம், மின்கம்பிக்கு உரிமம், குளிர்வாயுவுக்கு?

வீட்டில் புதிதாக மின்கம்பி இழுக்க உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். அதே வீட்டின் ஏசிக்கு கேஸ் நிரப்ப வருபவரிடம் நாடு தழுவிய சட்டம் எதுவும் உரிமம் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டின் வேரைத் தேடினால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

1863இல் கல்கத்தாவில் நீராவிக் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிப்பதற்கான சட்டம் இயற்றப்பட்டது. பிற மாகாணங்களும் தத்தமக்கெனச் சட்டங்கள் செய்துகொண்டன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 1920இல் இதை ஆராய ஒரு குழு அமர்த்தப்பட்டது; அதன் பயனாக 1923இல் இந்தியக் கொதிகலன் சட்டம் பிறந்தது. கலனைப் பதிவுசெய்து சோதிப்பதோடு அச்சட்டம் நிற்கவில்லை. கலனைக் கவனித்துக்கொள்பவர் தகுதிச் சான்றிதழ் பெற்றவராக இருக்கவேண்டும் என விதிக்கும் அதிகாரத்தையும் அரசுகளுக்கு அளித்தது. நெருப்புக்கு முன் நின்று தொழில் பழகியவரும் தம் அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுத வழி இருந்தது. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

அடுத்து மின்சாரம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி மூன்று அடுக்குகளை வகுத்தது: வேலையை எடுக்கும் ஒப்பந்ததாரருக்கு உரிமம், மேற்பார்வையிடுபவருக்குத் தகுதிச் சான்றிதழ், வேலை செய்பவருக்கு அனுமதிச்சீட்டு. 2010, 2023ஆம் ஆண்டுகளின் ஒழுங்குமுறைகளிலும் இதன் சாரம் தொடர்கிறது. ஆனால் அந்த விதியிலேயே ஒரு விலக்கும் இருந்தது. மின்னமைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாத வகையில் விளக்கு, விசிறி, வீட்டு உபயோகச் சாதனம் முதலியவற்றை மாற்றிப் பொருத்துவதற்கு உரிமம் தேவையில்லை. விதியை எழுதியவர்களின் கண் கம்பியின் மீதே இருந்தது. கம்பியின் மறுமுனையில் அழுத்தத்தோடு அடைபட்ட வாயு ஒன்று வீடுதோறும் ஓடும் காலத்தை அது கருதவில்லை.

வாயுவைச் சட்டம் கவனித்தது வேறொரு காரணத்தால்: ஓசோன் படலம். 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. 2000ஆம் ஆண்டில் ஓசோனைச் சிதைக்கும் பொருள்களுக்கான விதிகள் வந்தன. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை ஆகியவை பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டன. ஆனால் சிலிண்டரின் வால்வைத் திறக்கும் மெக்கானிக் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறவேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை. அவருக்குப் பயிற்சித் திட்டங்கள் மட்டுமே வந்தன. அமெரிக்காவிலோ, இதே ஓசோன் கவலையின் பெயரால், 1994 நவம்பர் முதல் குளிர்வாயுவைக் கையாளும் தொழிலாளர்க்குச் சான்றிதழ் கட்டாயமாயிற்று.

2019இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் பழுதுபார்ப்போர்க்கு 2022–23க்குள் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதை இலக்காக வைத்தது. நல்ல இலக்கு. எனினும் அது செயல்திட்டம், சட்டமன்று.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். பழைய ஆர்-22 வாயு எளிதில் தீப்பற்றாது. ஓசோனைச் சிதைத்தாலும், கசியவிட்டவரின் கையை அது சுடவில்லை. இன்று பரவலாக வந்துவிட்ட ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பதோ புரொப்பேன், எளிதில் பற்றிக்கொள்ளும். வாயுவை முழுவதும் வெளியேற்றாமல் குழாயில் பற்றவைப்பது, கசிவைச் சோதிக்க நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனைச் செலுத்துவது போன்ற பிழைகள் உயிரைக் குடிக்கும். முதலில் அடிபடுபவர் வீட்டுக்காரர் அல்லர். மாடிச் சுவரின் விளிம்பில் கால் ஊன்றி நிற்கும் மெக்கானிக்தான்.

அப்படியானால் நாளையே உரிமத்தைக் கட்டாயமாக்கிவிடலாமா? அங்கேதான் தயக்கம் எழுகிறது. ஐ.டி.ஐ.யில் இத்தொழிலுக்கெனத் தனிப் பாடப்பிரிவு உண்டு. ஆனால் தில்லியிலும் மும்பையிலும் உஸ்தாதின் பின்னால் கருவிப்பை சுமந்தே தொழில் கற்றவர்கள் ஏராளம். ஏட்டுக்கல்வியை மட்டும் அளவுகோலாக்கினால் கை தேர்ந்தவர் வெளியே நிற்பார். சான்றிதழை விலைக்கு வாங்கியவர் உள்ளே வருவார்.

முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்தி இங்கே உதவும். கொதிகலன் சட்டத்தின் மரபு அனுபவத்தைத் தேர்வுக்கான நுழைவாயிலாக ஏற்றது. ஆனால் தேர்வைக் கைவிடவில்லை. கையின் அறிவை மதித்து, அதைச் சோதித்து, அதற்கு ஒரு பெயரும் கூலியும் தருவதே உரிமம் என்பதன் நேரிய பொருள்.

கொதிகலனுக்குச் சட்டம் வர ஒரு வெடிப்பு தேவைப்பட்டது. குளிர்வாயுவுக்கும் அப்படியொன்றை நாம் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.