சிப்பந்திகளே முதலாளிகளான காப்பி இல்லம்

தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலருக்கு இந்தியக் காப்பி இல்லம் பழகிய இடம். அது ஒரே முதலாளியின் கடைவரிசை என்று எண்ணுவோரும் உளர். உண்மை வேறு.

நாட்டில் விளையும் காப்பிக்கு நாட்டிலேயே குடிப்போரைத் தேடும் பொருட்டு, காப்பித் தீர்வைக் குழு 1936-ஆம் ஆண்டில் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இல்லத்தைத் திறந்தது. 1940-களில் கிளைகள் ஏறத்தாழ 50 ஆயின. பின்னர் பொறுப்பேற்ற காப்பி வாரியமோ, 1950-களின் நடுவில் அவற்றை மூடத் துணிந்தது. விசிறித் தலைப்பாகை அணிந்து பரிமாறிய சிப்பந்திகள் வேலையிழந்து தெருவில் நின்றனர்.

பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களுக்குக் காட்டிய வழி துணிவானது. வேலையைக் கேட்டு நிற்பதை விடுத்து, கடைகளையே கூட்டுறவு முறையில் ஏற்று நடத்துவது என்பதே அது. 1957 ஆகஸ்டு 19 அன்று பெங்களூரில் முதற்சங்கம் அமைந்தது, அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று தில்லி இல்லம் திறந்தது, 1958-இல் திருச்சூர். பெயர் ஒன்றே, சங்கங்கள் தனித்தனி. மேசை துடைத்தவரே பங்குதாரர் ஆயினர்.

கல்கத்தா கல்லூரித் தெரு இல்லம் 1958-இல் மூடப்பட்டபோது, பேராசிரியர்கள் அரசுக்கு மனுச்செய்து அவ்வாண்டே திறக்கச் செய்தனர். தில்லிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அரசியல் பேசுவோர் கூடிய கன்னாட் பிளேஸ் இல்லம், 1975-77 நெருக்கடிநிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. காப்பிக் கோப்பைக்கும் ஆட்சி அஞ்சியதோ என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்விடத்தில் இன்று பாலிகா பஜார். இல்லமோ மோகன் சிங் பிளேஸின் மாடிக்குக் குடிபெயர்ந்தது.