நீருக்குள் நிற்கும் கோபுரம்



ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் சென்று காவிரியில் நீராடி, பூங்காவில் அமர்ந்து, பொரித்த மீனும் உண்டு திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த உல்லாசத் தலத்துக்கு முன்னே அங்கே வாழ்ந்த ஊர்களை நம் பிள்ளைகளும் அறிந்திருப்பது நலம்.

மேட்டூர் ஒரு காலத்தில் ஆற்றோரச் சிற்றூரே. 1925-ல் அணை வேலை தொடங்கிற்று. நம் சேலம் மறைமாவட்டம் 1930-ல் உதயமானபோதும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 1934 ஆகஸ்டு 21-ல் அணை திறக்கப்பட்டு, சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. நீர்மட்டம் 120 அடி. தஞ்சைத் தரணிக்கு அது வாழ்வு. ஆனால் ஆற்றோரம் உழுது பிழைத்தவர்கள் வீடுவாசலை விட்டு மேட்டு நிலம் தேடிப் போனார்கள். நாயம்பாடிக் கிறிஸ்தவர்களின் ஆலயமும், பண்ணவாடிப் பக்கத்து ஜலகண்டேசுவரர் கோயிலும் ஒரே வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீர் சமயம் பார்க்கவில்லை!

மழை பொய்த்த ஆண்டுகளில் ஆலயக் கோபுரமும் கோயில் நந்தியும் வெளியே தெரிகின்றன. செய்தித்தாள்களுக்கும் அப்போதுதான் நாயம்பாடி நினைவு வருகிறது. தஞ்சை விவசாயி ஜூன் 12-ல் நீர் வருமா என்று கலங்கும் அதே நாட்களில், பண்ணவாடித் துறையில் கூட்டம் கூடுகிறது. வறண்ட கரையிலே சிலர் சோளம் விதைக்கிறார்கள். வந்தவர்கள் கோபுரத்தைப் படம் பிடிக்கிறார்கள். அந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். பரிசல்காரரோ நாகமரைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.