எந்திரங்களுக்கென்று பிறந்த காசு

2015 நவம்பர் 25 அன்று ஐயோட்டா என்ற புதிய காசு இணையத்தில் விற்பனைக்கு வந்தது. டேவிட் சோன்ஸ்டெபோ, செர்கெய் இவான்செக்லோ, டொமினிக் ஷீனர், கணித அறிஞர் செர்கெய் போப்போவ் ஆகிய நால்வர் அதை உருவாக்கியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. கிடைத்தது ஏறக்குறைய 1,337 பிட்காயின். அன்றைய மதிப்பில் 5 லட்சம் டாலருக்குச் சற்று மேல். இந்தப் புதிய காசைச் செலவழிக்கப்போவது எந்திரங்கள்தான் என்றார்கள். சார்ஜ் போட்டுக்கொண்டு தானே பணம் கட்டும் கார், தான் அளந்ததை விற்றுச் சம்பாதிக்கும் சென்சார், செய்த வேலைக்குக் கூலி வாங்கும் ரோபோ என்று ஒரு முழுப் பொருளாதாரத்தையே கண்முன் விரித்தார்கள்.

தேவை உண்மையானதுதான். எந்த வங்கியும் ரோபோவின் பெயரில் கணக்குத் திறக்காது. ஒரு காருக்கும் ஒரு சென்சாருக்கும் இடையே கைமாற வேண்டிய தொகை சில பைசாக்கள். அதற்குக் கார்டு நிறுவனம் கேட்கும் கட்டணம் தொகையைவிடப் பெரிது. பிட்காயினும் கைகொடுக்காது. 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது.

ஐயோட்டா கட்டணத்தையே ஒழித்தது. பணம் அனுப்புகிறவர் தனக்கு முன் வந்த இரண்டு பரிமாற்றங்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைச் சேர்க்க வேண்டியிருந்தது. சரிபார்க்கத் தனியாக ஆள் இல்லை, ஆகவே கூலியும் இல்லை. பின்னிக்கொண்டே போகும் இந்த வலைக்கு டாங்கிள் என்று பெயர். கணக்கிடும் முறையும் வேறு. நம் கணினிகள் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களில் இயங்க, இவர்கள் மூன்று இலக்கங்கள் கொண்ட மும்மை எண்முறையைத் தேர்ந்தார்கள். அதற்கென்றே ஜின் என்ற பெயரில் ஒரு சிப் செய்யும் முயற்சியும் 2014இலேயே தொடங்கியிருந்தது. காசுகளின் மொத்த எண்ணிக்கையும் அந்தக் கணக்கில் வந்ததே: சுமார் 2,780 லட்சம் கோடி. அந்த சிப் கடைசிவரை கடைக்கு வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அப்படியொரு துணிச்சலான வன்பொருள் முயற்சி அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் டாங்கிளுக்குள் ஒரு காவலாளி இருந்தார். வலை சிறியதாக இருக்கும்வரை யாராவது பெரும் கணினிகளைக் கொண்டுவந்து கணக்கைப் புரட்டிவிடலாம். அதைத் தடுக்க, ஐயோட்டா அறக்கட்டளை நடத்திய கோஆர்டினேட்டர் என்ற நிரல் முத்திரை போட்ட பிறகுதான் எந்தப் பரிமாற்றமும் உறுதியாகும். தற்காலிக ஏற்பாடு என்றார்கள். ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

2017 ஜூனில் பிட்ஃபினெக்ஸ் சந்தையின் பட்டியலில் காசு ஏறியது. பத்து லட்சம் ஐயோட்டாவை ஒரு அலகாக வைத்து விலை சொன்னார்கள். அந்த அலகு டிசம்பரில் 5 டாலரைத் தாண்டி, அடுத்த ஆண்டு முடிவில் அரை டாலருக்கும் கீழே போனது. வாங்கியவர்களும் விற்றவர்களும் மனிதர்கள். எந்த ரோபோவும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

எந்திரத்தின் பக்கம் அது உண்மையாகவே நெருங்கிவந்தது 2019இல். அயர்லாந்தின் ஷானன் நகரில் ஜாகுவார் லேண்ட் ரோவர் தன் கார்களில் ஐயோட்டா பணப்பையைப் பொருத்திச் சோதித்தது. சாலைப் பள்ளம், நெரிசல் பற்றிய தகவலை கார் தானாகவே அனுப்பும். அதற்குக் காசு கிடைக்கும். அந்தக் காசில் சுங்கம், பார்க்கிங், மின்சாரம் ஆகியவற்றுக்குக் கட்டணம் செலுத்தலாம். அழகான சுழற்சி. நான் அதில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பள்ளம் இருக்கிறது என்று கார் சொன்னால், இருக்கிறதா என்று யார் பார்ப்பது? டாங்கிளோ பிளாக்செயினோ தன்னில் எழுதப்பட்ட வரியை அழியாமல் காக்கும். அந்த வரி மெய்யா பொய்யா என்பது அதற்குத் தெரியாது. கம்பியில்லா வலைக் கருவி வைப்போருக்கு டோக்கன் தந்த ஹீலியம் திட்டத்தில் இது வெட்டவெளிச்சமானது. கருவிகளை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு பல இடங்களில் இருப்பதாகக் காட்டிச் சிலர் டோக்கன் அள்ளினார்கள். காசு தருகிறோம் என்றதும் பொய்த் தகவலும் உற்பத்தியாகும். ரோபோக்களின் பொருளாதாரம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த அடி 2020 பிப்ரவரியில் விழுந்தது. ஐயோட்டாவின் டிரினிட்டி பணப்பைச் செயலியில் இணைத்திருந்த ஒரு வெளிச் சேவையின் வழியே திருடர்கள் நுழைந்து, சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள காசைத் தூக்கினார்கள். அறக்கட்டளை கோஆர்டினேட்டரை நிறுத்தியது. திருட்டைத் தடுக்க வேறு வழியில்லைதான். ஆனால் 12ஆம் தேதி நின்ற வலையமைப்பு மார்ச் 10 அன்றுதான் மறுபடி முழுமையாக ஓடியது. யாருக்கும் கட்டுப்படாத எந்திரங்களுக்கான காசு, ஓர் அலுவலகத்தின் முடிவால் ஏறக்குறைய நான்கு வாரம் அசையாமல் கிடந்தது. அந்நாட்களில் ஒரு ரோபோ இந்தக் காசை மட்டும் நம்பி வேலை செய்திருந்தால், சார்ஜ் போடக்கூட வழியின்றி நின்றிருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. இவான்செக்லோ 2019இலும் சோன்ஸ்டெபோ 2020 முடிவிலும் விலகினார்கள். 2021இல் மும்மை எண்முறை போய் வழக்கமான இரும முறை வந்தது. 2025 மே 5 அன்று டாங்கிளின் பழைய அமைப்பும் போனது. தம் காசைப் பிணையாக வைத்துச் சரிபார்ப்போர் வந்தார்கள், சிறிய கட்டணமும் வந்தது. இதற்கிடையே கென்யாவில் ஏற்றுமதி ஆவணங்களைப் பகிரும் திட்டமொன்றில் ஐயோட்டா உருப்படியாகப் பயன்பட்டது. ரோபோ இல்லை, காகித வேலைதான். ஆனால் பயனுள்ள வேலை.

அதே 2025 மே மாதம் காயின்பேஸ் நிறுவனம், மென்பொருள்கள் தமக்குள் பணம் செலுத்திக்கொள்ள எக்ஸ்402 என்ற நெறிமுறையை வெளியிட்டது. அதில் கைமாறுவது பெரும்பாலும் டாலரோடு விலை கட்டப்பட்ட யுஎஸ்டிசி. நியாயமான தேர்வு என்பேன். காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையுமாக ஆடும் காசில் எந்த எந்திரமும் தன் மின்கட்டணத்தைத் திட்டமிட முடியாது. எந்திரத்துக்குத் தனிக் காசு வேண்டும் என்ற வாதம் இங்கே பாதி தோற்றுவிட்டது. பணப்பை வேண்டும் என்ற வாதம் நிற்கிறது.

ரோபோ டோக்கன்கள் இன்றும் புதிது புதிதாக விற்பனைக்கு வருகின்றன. வாங்கச் சொல்லி யாரேனும் உங்களை அணுகினால், விலை வரைபடத்தை மூடிவைக்கச் சொல்லுங்கள். எந்த ரோபோ, எந்த வேலைக்கு, யாரிடமிருந்து இந்த டோக்கனில் கூலி வாங்கியது என்று கேளுங்கள். வேலை நடந்ததை யார் சரிபார்த்தார், வலையமைப்பை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.